நடுத்தெருவில் நிற்க வைத்தவள்

என் தங்கை கார் விற்கிறாள். இப்படிச் சொன்னால், "ஓ, கார் ஷோரூம்ல வேலை பாக்குறாங்களா?" என்று பல பேர் என்னைத் திருத்துகிறார்கள். அந்த ஷோரூமில் கணக்கு எழுதுபவர் இருக்கிறார், கண்ணாடி துடைப்பவர் இருக்கிறார். நான்கூட அவர்களுக்கு சீட் கவர் தைத்துக் கொடுக்கிறேன். நாங்களெல்லாம் வேலை பார்ப்பவர்கள். என் தங்கை விற்பவள். அதுவும் பேட்டரியில் ஓடும் காரை, ஒருவரும் வாங்க மாட்டேன் என்று நின்ற நேரத்தில் விற்றுக் காட்டியவள். அதை நடந்தது நடந்தபடி எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ரெக்சின் வெட்டுகிறவளுக்கு அளவு தப்பக் கூடாது. இதிலும் தப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டில் அவளுக்குப் பெயர் ஹலோ. அந்தப் பெயர் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்ததும் அவளுக்குக் கிடைத்த வேலை, வழியில் நின்றுபோகும் வண்டிகளுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியில் ஃபோன் எடுப்பது. ஆறு வருடம் அதே நாற்காலி. ஒரு நாளைக்கு நூறு தடவைக்குக் குறையாமல் ஹலோ சொல்லிவிட்டு வருவாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் வீட்டுக்காரர், "கொஞ்சம் தண்ணி எடும்மா" என்றார். இவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்க இப்ப எந்த இடத்துல இருக்கீங்க சார்?" என்று கேட்டாள்.

"உனக்கு நேர் எதிர்லதாம்மா உக்காந்திருக்கேன். நகர முடியல, தண்ணி தீந்து நின்னுட்டேன்" என்றார் அவர். அன்றிலிருந்து ஹலோதான்.

என் வீட்டுக்காரர் ஒரு ரொட்டி பேக்கரிக்கு வேன் ஓட்டுகிறார். டீசல் வேன். மச்சினியைச் சீண்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவளும் சும்மா விட மாட்டாள்.

அந்த ஆறு வருடத்தில் அவள் கேட்ட ஃபோன்களைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லியிருக்கிறாள். வண்டி நின்றுபோனவர்கள் முதலில் என்ன சொல்வார்கள் தெரியுமா? எந்த இடம் என்று சொல்ல மாட்டார்கள். என்ன கோளாறு என்றும் சொல்ல மாட்டார்கள். "எல்லாரும் பாக்குறாங்கம்மா, சீக்கிரம் அனுப்புங்க" என்பார்கள். வழக்கறிஞர் ஆனாலும் சரி, காய்கறி வியாபாரி ஆனாலும் சரி, அதே பேச்சு. "டயர் போச்சேன்னு யாருமே அழலக்கா. நாலு பேர் பாக்குறாங்களேன்னுதான் அழுறாங்க" என்பாள்.

பிறகு ஷோரூமில் சேர்ந்தாள். அங்கேயும் ஃபோன் வேலைதான். வண்டியை சர்வீசுக்கு விடும் தேதியை நினைவுபடுத்துவது. ஆனால் விற்பனைத் தளத்தில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அங்கே நிற்க வேண்டுமென்றால் கார் ஓட்டத் தெரிய வேண்டும். இருபத்தொன்பது வயதில் ஓட்டக் கற்றாள். உரிமம் எடுக்கப் போய் இரண்டு தடவை தோற்றாள். முதல் தடவை, சாலையைக் கடக்கும் ஒவ்வொருவருக்கும் நின்று வழிவிட்டுக்கொண்டே இருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாம் தடவை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் ஃபோன் மணி அடித்தது. இவள் வண்டியை நட்ட நடுவில் நிறுத்திவிட்டு "ஹலோ" என்றாள். மூன்றாம் தடவை தேறினாள். அன்றைக்கு நான் என் தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு அரை நாள் லீவு எடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் நான் எடுத்த முதல் லீவு அது.

அந்தச் சமயத்தில்தான் ஷோரூமுக்கு ஐந்து எலெக்ட்ரிக் கார்கள் வந்து இறங்கின. ஒன்று ஓட்டிக் காட்டுவதற்கான டெமோ வண்டி, நான்கு விற்பதற்கு. விற்பனையில் இருந்த ஆண்கள் மூன்று பேரும் அதைத் தொடவே இல்லை. "பெட்ரோல் வண்டின்னா பத்து நிமிஷத்துல முடிச்சிடலாம் சார். இதுக்கு ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுக்கணும்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர், "ஃபோன்ல பேசுற பொண்ணுகிட்ட குடுங்க. பேசியாவது பாக்கட்டும்" என்று சிரித்தார். மேலாளர் நிஜமாகவே கொடுத்துவிட்டார். குடிதண்ணீர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி. அதுதான் எலெக்ட்ரிக் பிரிவு.

தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

"மழையில ஓட்டினா ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது சார். நேத்து முட்டியளவு தண்ணியில நானே ஓட்டிட்டு வந்தேன். என் தலைமுடியைப் பாருங்க, படுத்துதானே இருக்கு?"

"ஸ்டார்ட் பண்ணா சத்தமே வரலியே, ஓடுதா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"வெளிய பாருங்க சார். மரமெல்லாம் பின்னாடி போச்சுன்னா ஓடுது."

"மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?"

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் விளையாட்டாகப் பதில் சொல்ல மாட்டாள். "கம்பெனி சொல்றது ஒண்ணு. ஏசி போட்டு, அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு, நம்ம ஊர் நெரிசல்ல போனா அதைவிடக் கம்மியாத்தான் வரும்" என்று உள்ளதைச் சொல்வாள். வாரத்துக்கு இரண்டு தடவை வெளியூர் ஓடும் ஒரு பம்பு வியாபாரியிடம், "உங்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம் சார், வழியில சார்ஜ் போடுற இடம் இன்னும் வரல" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். மேலாளர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

கேட்பவர்கள் கேட்டார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் கடைசியில் ஒரே மாதிரி, "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ஐந்து மாதத்தில் ஒரு வண்டிகூட நகரவில்லை.

அதில் ஒருவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெரு முனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஐம்பது வயது இருக்கும். மாதம் ஒரு தடவை தவறாமல் வந்து டெமோ வண்டியை ஓட்டிப் பார்ப்பார். கதவைத் திறந்து மூடுவார், டிக்கியில் தலையை விட்டுப் பார்ப்பார். ஓட்டி முடித்ததும் முகம் மலர்ந்திருக்கும். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் சுருங்கிப் போகும்.

"எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா நடுத்தெருவுல நிக்க வெச்சிருச்சுன்னா?"

ஐந்து தடவையும் இதே கேள்வி. பேட்டரியில் எவ்வளவு மீதி என்று திரையில் தெரியும், முன்கூட்டியே எச்சரிக்கும் என்று இவள் விளக்குவாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அது சரிம்மா, ஆனா நடுத்தெருவுல..." என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவார்.

மாதத்தின் முதல் தேதியன்று மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

"இந்த மாசக் கடைசி வரைக்கும்தாம்மா டயம் குடுத்திருக்காங்க. நாலு வண்டியும் போகலைன்னா திருப்பி எடுத்துக்குவாங்க. எலெக்ட்ரிக் பிரிவை மூடிட வேண்டியதுதான். நீ பழையபடி ஃபோனுக்குப் போயிடு. அங்க நீ கெட்டிக்காரிதானே?"

இதை அவள் என்னிடம் சொன்னபோது என் தையல் அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். வெட்டிப் போட்ட ரெக்சின் துண்டு ஒன்றை எடுத்து மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். "ஃபோன் ஒண்ணும் கேவலம் இல்லக்கா. ஆனா நான் அந்த வேலையில கெட்டிக்காரின்னு இன்னொரு தடவை யாராவது சொன்னா அழுதுடுவேன்" என்றாள். மூன்று தடவை ஓட்டிக் காட்டி வாங்கிய உரிமம் அவளுடைய கைப்பையில் இருந்தது.

அந்த வாரமே டெமோ வண்டியில் சீட் கவர் கிழிந்திருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஓட்டுநர் சீட்டின் இடது ஓரம். உட்கார்ந்து இறங்கி உட்கார்ந்து இறங்கி நைந்திருந்தது. அதற்கு ஒட்டுப் போட்டுத் தைத்துவிட்டு மற்ற சீட்டுகளையும் தடவிப் பார்த்தேன், அது என் பழக்கம். பக்கத்து சீட்டில் லேசாக ஒரு குழி. பின் சீட்டு மட்டும் நான் கவர் மாட்டிய நாளில் இருந்தபடியே விறைப்பாக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

"இந்தப் பின் சீட்டுல யாருமே உக்காரலியே" என்றேன்.

அவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "வர்றவங்க தனியாத்தானேக்கா வர்றாங்க?"

"தனியா வந்து ஓட்டிட்டு, வீட்டுல கேட்டுச் சொல்றேங்கிறாங்க. வீட்டுல இருக்கிறவங்க இதுல உக்காரவே இல்லியே, அவங்க என்னத்தச் சொல்வாங்க?"

அவள் பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். கையால் சீட்டை அழுத்திப் பார்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ரொட்டி இறக்கிவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல் ஆரம்பித்தார். "என்ன ஹலோ, உன் செல்ஃபோன் வண்டிக்கு சார்ஜ் ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன் மாமா. உங்க வேன் இன்னைக்கு எத்தனை பேர் மூஞ்சியில கரியைப் பூசிச்சு?"

"கரி பூசினாலும் வீடு கொண்டுவந்து சேக்கும். உன்னுது நடுத்தெருவுல நிக்க வெச்சிடும். ஒரு நாள் நிக்கும் பாரு, அன்னைக்குத் தெரியும்."

இவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாக, "நிக்கட்டுமா மாமா?" என்றாள்.

"என்னது?"

"நிறுத்திடலாம். நிஜமாவே நடுத்தெருவுல நிறுத்திடலாம்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் எழுந்து நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். கடை நொடித்துப் போனவனை, சொத்தை இழந்தவனை, நடுத்தெருவில் நின்றுவிட்டான் என்கிறோம். அதே வார்த்தையைத்தான் எல்லோரும் இந்த வண்டிக்கும் சொல்கிறார்கள். அவர்களுக்கு பேட்டரிக் கணக்கில் சந்தேகம் இல்லை. வண்டி நின்றால் மானம் போய்விடும், அதுதான் பயம். ஃபோனில் ஆறு வருடம் கேட்ட அதே பயம். நிற்காது நிற்காது என்று இவள் சொல்லச் சொல்ல அவர்கள் மனதில் அது நின்றுகொண்டே இருக்கிறது. ஒரு தடவை எல்லோர் கண்ணெதிரிலும் நிறுத்தி, நின்றால் என்னதான் ஆகும் என்று காட்டிவிட்டால்?

"பைத்தியம் முத்திடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் தட்டைக் கழுவிவிட்டு வந்து, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டார்.

மேலாளர் இதற்கு ஒப்புக்கொண்டது எப்படி என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏம்மா, ஓடுற வண்டின்னு விளம்பரம் பண்றதைப் பார்த்திருக்கேன். நிக்கிற வண்டின்னு எவனாவது விளம்பரம் பண்ணுவானா?"

"சார், மூடப் போற பிரிவுதானே? மூடுறதுக்கு முன்னாடி ஒரு நாள் என் இஷ்டத்துக்கு விடுங்க. ஆனா ஒண்ணு, யாரும் ஏமாத்தக் கூடாது. ஏசி ஓடணும், அஞ்சு பேர் உக்காரணும், சும்மா உருட்டக் கூடாது."

அவர் ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "நின்னா, டெமோ வண்டி மட்டும்தான் நிக்கணும். என் வேலை நிக்கக் கூடாது" என்றார்.

பேனர் நான் தைத்தேன். வெள்ளை ரெக்சினில் சிவப்பு எழுத்துகளை வெட்டி, ஒவ்வொன்றும் ஆறு அங்குல உயரம், ஓரம் இரட்டைத் தையல். வண்டியின் இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று, ஷோரூம் வாசலில் பெரிதாக ஒன்று: "இன்று இந்த வண்டி நடுத்தெருவில் நிற்கும். பார்க்க வாருங்கள். ஏறவும் செய்யலாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. பேட்டரி நூறு சதவீதம். ஷோரூம் வாசலில் கிளம்பி, தண்ணீர் தொட்டி, பாலம், காய்கறிச் சந்தை, பேருந்து நிலையம், பெட்ரோல் பங்க் வழியாக மறுபடி வாசல். ஒரு சுற்று பன்னிரண்டு கிலோமீட்டர். நானே முந்தின நாள் உடன் போய் அளந்தேன். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஆட்கள் மாறலாம், உரிமம் உள்ளவர்கள் ஓட்டலாம். ஹலோ மட்டும் இறங்காமல் முன் சீட்டில் இருப்பாள். வாசலில் ஒரு கரும்பலகை. சுற்று எத்தனை, பேட்டரி எத்தனை என்று எழுதுவது என் பொறுப்பு.

சந்திப்பில் நின்ற போக்குவரத்துக் காவலரிடம் முன்னமே சொல்லியிருந்தாள். அவர் பேனரை இரண்டு தடவை படித்துவிட்டு, "நின்னா ஓரமா நிக்கச் சொல்லும்மா" என்றார். "சொல்லிப் பாக்குறேன் சார், கேக்குமான்னு தெரியல" என்றாள் இவள்.

முதல் இரண்டு சுற்றில் ஏறுவதற்கு ஆளில்லை. என் வீட்டுக்காரரும் கண்ணாடி துடைப்பவரும் மேலாளரின் தம்பி குடும்பமும்தான். ஏழு மணிக்கு மேல் சந்தைக்குப் போகிறவர்கள் பேனரைப் பார்த்து நின்றார்கள். ஒரு வண்டி நிற்கப் போகிறது என்றால் யாருக்குத்தான் பார்க்க ஆசை இருக்காது? "இன்னும் நிக்கலியா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். நிற்கவில்லை என்றதும் சும்மா போக மனமில்லாமல் ஏறிக்கொண்டார்கள். பெண்கள் ஏறினார்கள். வயதானவர்கள் ஏறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூன்று பேர் பின் சீட்டில் ஏறி, இரண்டு சுற்று இறங்க மாட்டோம் என்று அடம் பிடித்தார்கள். யாரிடமும் ஓட்டுங்கள் வாங்குங்கள் என்று ஹலோ சொல்லவே இல்லை. ஏறியவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டு வந்தார்கள். உள்ளே சத்தம் இல்லாததால் பேசுவது கேட்டது. "எங்க வண்டியில என் வீட்டுக்காரர் பேசினா எனக்குக் காது கேக்காது. அது ஒரு வசதி. இதுல அது போயிடும் போலிருக்கே" என்று ஒரு தையல் ஆசிரியை சொல்லிவிட்டு இறங்கினார்.

பன்னிரண்டு மணிக்குப் பதினான்கு சுற்று, மீதி நாற்பத்தாறு. என் வீட்டுக்காரர் பலகையைப் பார்த்து, "என்ன இது, நிக்கவே மாட்டேங்குது? விளம்பரம் பொய்யாப் போயிடும் போலிருக்கே" என்றார். அவர் குரலில் கவலை இருந்தது. எதற்கான கவலை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மூன்றரை மணிக்கு மருந்துக்கடைக்காரர் வந்தார். இந்தத் தடவை மனைவியோடு. கடையை அடைத்துவிட்டு அந்த அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தாராம். பலகையில் இருபத்துமூன்று சுற்று, மீதி பன்னிரண்டு என்று எழுதியிருந்தேன். அவர் மனக்கணக்குப் போட்டார். "இன்னும் மூணு சுத்து தாங்கும். இதுல நான் ஓட்டுறேன்" என்று சொல்லி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹலோ. பின்னால் அவர் மனைவி, என் வீட்டுக்காரர், நான். பலகையைக் கணக்கு எழுதுபவரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் சுற்று முடிந்தது. வாசலில் இறங்க மனமில்லாமல் அவர் இன்னொரு சுற்று போனார். அது முடிந்தபோது மீதி நான்கு. நான்தான் வாய் திறந்தேன். "நீங்க இறங்கிக்கலாம் சார், இதுக்கு மேல போனா நின்னாலும் நிக்கும்." அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். அவர் மனைவி பின்னாலிருந்து, "போங்க" என்றார். போனார்.

பாலத்தின் மேல் இரண்டு. சந்தை முனையில் ஒன்று. பேருந்து நிலையத்தைத் தாண்டியதும் திரையில் சுழியம் வந்தது. கூடவே ஒரு குட்டி ஆமைப் படம். வண்டி நிற்கவில்லை, ஆமையாகத்தான் போனது. அவர் கழுத்தில் வேர்வை இறங்குவது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

"ஓரமா எடுத்துக்கலாம் சார்" என்றாள் ஹலோ.

அவர் கைகள் நகரவில்லை. ஐந்து மாதமாகப் பயந்ததைக் கண்ணெதிரே பார்த்தவுடன் உறைந்துபோய்விட்டார் பாவம். வண்டி இன்னும் நூறடி ஊர்ந்து, பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே, சாலையின் நட்ட நடுவில், ஒரு குலுங்கல்கூட இல்லாமல் நின்றது.

பின்னால் ஒரு பேருந்து. அதன் ஹாரன் சத்தத்தில் என் நெஞ்சு அதிர்ந்தது. "எல்லாரும் பாக்குறாங்கம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர். அச்சு அசல் அதே வார்த்தை. ஹலோ சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாக்கட்டும் சார். பாக்கத்தானே கூப்பிட்டோம்? கதவைத் திறந்து இறங்குங்க" என்றாள்.

பேருந்து ஓட்டுநர் சண்டைக்குத் தயாராகத் தலையை வெளியே நீட்டினார். "யோவ், நடுத்தெருவுலயா..." என்று ஆரம்பித்தவர் பக்கவாட்டில் இருந்த பேனரைப் பார்த்தார். என் ஆறு அங்குல எழுத்து. வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அட, சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்களேய்யா!" என்று கத்திவிட்டு, பேருந்துக்குள் திரும்பி எல்லோருக்கும் படித்துக் காட்டினார். பேருந்து முழுக்கக் கைதட்டல். பங்கில் பெட்ரோல் போடும் பெண் குழாயைக் கையில் பிடித்தபடி, "அக்கா, அஞ்சு லிட்டர் போடவா?" என்று கூவினாள். அதற்கு இன்னொரு தடவை சிரிப்பு. சாலையின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கைதட்டினார்கள். மருந்துக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்றார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் முகத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, பேருந்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கைதட்டல் இரண்டு மடங்கானது.

இறங்கி வந்த நாலைந்து பேர் வண்டியைத் தள்ளினார்கள். முப்பதடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினுக்கு வைத்திருந்த பெரிய பிளக்கைக் காட்டினார். ஹலோ டிக்கியிலிருந்து வயரை எடுத்துச் செருகினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நின்றதிலிருந்து சார்ஜ் ஏறத் தொடங்கியது வரை ஆறு நிமிடம். ஷோரூம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். நாங்கள் எல்லோரும் டீ குடித்தோம். பஞ்சர் கடைக்காரர் வண்டியின் அடியில் குனிந்து பார்த்து, "எண்ணெய் சொட்டு ஒண்ணுகூட இல்லியே" என்று வருத்தப்பட்டார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மருந்துக்கடைக்காரர் ஹலோவிடம் கேட்டார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"போன வருஷம் என் பெட்ரோல் வண்டி சந்தைக்குள்ள நின்னுடுச்சும்மா. பின்னாடி மாமனார் உக்காந்திருந்தார். ஒரு வார்த்தை பேசல மனுஷன். இறங்கி, ஆட்டோ பிடிச்சுப் போயிட்டார். அதை நினைச்சா இன்னைக்கும் உடம்பு கூசும்."

அவர் மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கப்பாவுக்கு அன்னைக்குப் பல்லு வலி. அதான் பேசல. இதுக்கா அஞ்சு மாசமா ஷோரூமுக்கும் வீட்டுக்கும் நடந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, ஹலோ பக்கம் திரும்பினார். "எழுதிக்கோம்மா. எனக்கு அந்த நீலக் கலர்."

நாற்பது நிமிடம் கழித்து அவரே வண்டியை எடுத்தார். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி, சொந்தக் காலில் ஷோரூம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. வாசலில் நின்ற கூட்டத்தை நான் எண்ண முயன்றேன், எண்பதுக்கு மேல் தவறிவிட்டது. மேலாளர் படியில் நின்று இரண்டு கையையும் தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். விற்பனைக்கார ஆண்கள் மூன்று பேரும் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டார்கள். என் தங்கை இறங்கினாள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்ததில் கால் மரத்துப்போய் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை நான் மறக்க மாட்டேன்.

நான்கு வண்டியும் அடுத்த வியாழக்கிழமைக்குள் போய்விட்டன. மாதக் கடைசிக்குள் இன்னும் ஒன்பது பேர் பதிவு செய்திருந்தார்கள். எல்லோரும் குடும்பத்தோடு வந்து எழுதியவர்கள். தையல் ஆசிரியையும் அதில் ஒருவர்; வீட்டுக்காரர் பேசுவதைச் சகித்துக்கொள்ள முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். எலெக்ட்ரிக் பிரிவை மூடும் பேச்சு போன இடம் தெரியவில்லை. தண்ணீர் மெஷின் பக்கத்து மேசையை எடுத்துவிட்டு, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஐந்தடி மேசை போட்டார்கள். மேலாளர், "அடுத்த மாசமும் ஒரு தடவை நிறுத்திடலாமாம்மா?" என்று கேட்டாராம். ஃபோனுக்கு இப்போது வேறு ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் ஒரு வாரம் சீண்டாமல் சாப்பிட்டார். எட்டாம் நாள், "ஹலோ, இதே மாதிரி வேன் வருதா?" என்றார்.

"நீங்க இப்ப எந்த இடத்துல இருக்கீங்க சார்?" என்றாள் அவள்.

"நடுத்தெருவுலதாம்மா" என்றார் அவர்.

வண்டியை நிறுத்திய மறுநாள், திங்கட்கிழமை, நான் டெமோ வண்டியின் கவர்களைக் கழற்றப் போயிருந்தேன். பின் சீட்டில் நான் போட்ட இரட்டைத் தையல் நடுவில் நாலு அங்குலம் பிரிந்திருந்தது. என் தையல் பிரிந்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் எனக்குத் தூக்கம் வராது. அன்றைக்கு மட்டும் அந்தப் பிரிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நூலைக் கோத்து மூன்று வரியாகத் தைத்தேன். இனி அந்த சீட்டில் நிறையப் பேர் உட்காருவார்கள்.